மானேஜர் வாயைப் பார்த்த பவுனுத்தாய்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில், பெண்கள் சோறு தின்கிற அறையில் கேமரா வைத்துவிட்டார் மானேஜர் ஞானசம்பந்தன். யார் என்ன தின்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று தன் அறை டிவியில் பார்ப்பார். பாதிப் பேர் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

சங்கத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள். "எல்லாம் பாதுகாப்புக்குத்தான். நான் பார்த்தா என்ன கெட்டுப்போச்சு? யாராவது காட்டட்டும், கழற்றிடறேன். காட்டலேன்னா சங்கத்துல சேர்ந்தவங்க நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்," என்றார்.

வேலை போனால் என்ன செய்வோம்? பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற பவுனுத்தாய் மட்டும், "நான் காட்டறேனுங்க," என்றாள்.

மத்தியானம் மானேஜர் தன் அறையில் மீன் குழம்பு டப்பாவைத் திறந்ததும், எதிரே போய் நின்று அவர் வாயையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"முள்ளுக் குத்திடக் கூடாதுங்களே. பாதுகாப்புக்குத்தானுங்க. நீங்க சாப்பிடுங்க."

ஒரு வாய் வைத்தார். அவள் கண் கூடவே போனது. விக்கினார், தண்ணீர் குடித்தார், கடைசியில் ஒரு துண்டு மீனை எடுத்து நீட்டினார்.

"இந்தா, வாங்கிட்டுப் போ. சாப்பிடறவன் வாயைப் பார்த்தா அவனுக்கு வயித்து வலி வரும்."

"அப்படிங்களா? டிவியில தினம் எங்க வாயைப் பார்க்கறீங்களே, நாங்க ஆளுக்கொரு துண்டு தரணுங்களா?"

வாசலில் நின்ற சங்கத்துக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மானேஜர் டப்பாவை மூடிவிட்டு ஏணி கொண்டுவரச் சொன்னார்.

அன்றைக்குத்தான் முழுச் சோற்றையும் தின்றோம். அப்போதும் நான் ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டேன்.