தூளியில் பூசணிக்காய்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. கண்டிப்பாக வரும். ஆனால் சாம்பார் வந்த பிறகுதான் வரும். அதுவரை யாரும் பல்லைக் காட்டக் கூடாது. அன்றைக்கு எங்களுக்கும் குரு அப்படித்தான் உத்தரவு போட்டிருந்தார்.

குருவின் சீடர் சிவநேசன், மனைவி மாதங்கியோடு ஸ்வீடனிலிருந்து மடத்துக்கு வந்திருந்தார். அங்கே அவருக்கு விசித்திரமான உத்தியோகம். பொம்மைக் குழந்தையைக் கார் இருக்கையில் கட்டி, வண்டியைச் சுவரில் மோதவிட்டு, பொம்மைக்கு எங்கெங்கே அடிபட்டது என்று பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பும் நாள். முற்பகலில் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். மாதங்கி அக்கா தூணோரம் நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேள்."

"வளர்ந்த நாடுகள்ல குழந்தை பிறக்கிறது குறைஞ்சுக்கிட்டே போகுது. எங்க தெருவுல பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வைத்தியத்துக்குக் குறைவில்லை. அப்புறம் ஏன் சாமி?"

"நாடு கேக்குதா, நீ கேக்கறியா?"

சிவநேசன் தரையைப் பார்த்தார். பதில் தூணோரத்திலிருந்து வந்தது.

"நான்தான் கேக்கச் சொன்னேன் சாமி. எனக்குக் குழந்தை வேணும். இவருக்கும் வேணுமாம். ஆனா வருஷா வருஷம் 'இன்னும் தயாராகலை'ங்கறார். எனக்கு முப்பத்தெட்டு ஆயிடுச்சு. சாயங்காலம் ரயில் ஏறறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்கன்னுட்டேன். ஆமாவோ, இல்லையோ. இல்லைன்னாகூடத் தாங்கிக்குவேன். இந்த 'அப்புறம் பாக்கலாம்'தான் தாங்க முடியலை."

குரு எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். ஒரு முழுப் பூசணிக்காயை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். சமையல் செய்யும் செண்பகம் அத்தையின் ஐந்து மாதக் குழந்தைக்காகக் கூடத்தில் சேலைத் தூளி கட்டியிருந்தது. பூசணிக்காயை அதில் படுக்க வைத்தார். தூளியை ஆட்டும் கயிற்றின் நுனியைக் காட்டினார்.

"சாப்பாடு வரைக்கும் ஆட்டு."

"பூசணிக்காயையா?"

"பொம்மையைச் சுவத்துல மோதறவனுக்கு இது பெரிய காரியமா? போ, முதல்ல கைகால் கழுவிட்டு வா."

அவர் கிணற்றடிக்குப் போனதும் வேலை நடந்தது. பூசணிக்காய் சமையற்கட்டுக்கே திரும்பியது. பால் குடித்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தூளிக்குள் போனது. செண்பகம் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மாதங்கி அக்கா ஒரு கணம் குழந்தையையே பார்த்தார். பிறகு போய் அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு பூசணிக்காயின் முன்னால் உட்கார்ந்தார்.

குரு என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மிமிக்ரியில் எனக்கு எல்லாக் குரலும் வரும், அது மடத்துக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். மைனா, குக்கர், பால்காரர் ஸ்கூட்டர், குருவின் இருமல். அடக்க வராதது சிரிப்பு ஒன்றுதான்.

சிவநேசன் வந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். தூளி ஆடியது.

"குழந்தையைத் தூளியிலேருந்து விரட்டிட்டோமே சாமி."

"அதுக்கு ஒரு குறையும் இல்லை. நீ சொல்லு. அங்கே ஏன் பயப்படறாங்க?"

"பணம், வீடு, வேலை. ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. வேண்டாம்னு தீர்மானம் பண்ணினவங்க நிம்மதியாத்தான் இருக்காங்க. அவங்களை விடுங்க. வேணும்னு ஆசைப்பட்டுக்கிட்டே வாசப்படியில நிக்கிறோமே, நாங்கதான்…"

அப்போது தூளிக்குள்ளிருந்து "ங்ங்ஙே" என்று ஒரு அழுகை கிளம்பியது.

சிரிப்பை அடக்க என் வாய் நிறையக் கொய்யாப்பழத்தைத் திணித்திருந்தேன். சிவநேசன் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"அடேயப்பா! அச்சு அசல் குழந்தையேதான்! ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. கடைசியில ஒரு விக்கல் வச்சே பாரு, அது கொஞ்சம் ஜாஸ்தி."

நான் கைகூப்பித் தலைவணங்கினேன். கொய்யாப்பழம் மெல்லாமலே உள்ளே போனது.

"சரி, பூசணிக் கண்ணு அழுதா சும்மா விடலாமா?" என்று சிவநேசன் கண் சிமிட்டினார். கயிற்றை நீளமாக, மெதுவாக இழுத்தார். "ச்சோ ச்சோ" என்றார். அடித்தொண்டையில் ஏதோ முனகினார். ராகமா, வெறும் மூச்சா என்று தெரியவில்லை. அழுகை தேய்ந்து நின்றது.

"பாருங்க சாமி, இதெல்லாம் எனக்குச் சுத்தமா வராது" என்றார்.

குரு வெகுநேரம் இருமினார். அவருடைய இருமல் எனக்குத் தெரியும். அது இருமல் இல்லை.

குடத்தோடு போன பெண் இடக்கையால் தூளியை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனாள். தபால்காரர் மடத்துக் கடிதத்தை வைத்துவிட்டு, போகிற போக்கில் அவரும் ஒரு தள்ளு.

"எல்லாரும் எதுக்குப் பூசணிக்காயை ஆட்டிட்டுப் போறாங்க?"

"கை சும்மா இருந்திருக்கும்."

சிவநேசன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க குடியிருப்பு எட்டு மாடி சாமி. ஆனா ராத்திரி குழந்தை அழுதா, ஆட்டறதுக்கு என் கையும் இவ கையும்தான்."

கயிற்றை இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்தக் காலத்துல ஏதாவது நடந்தா விதின்னாங்க. இப்ப ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பேர் இருக்கு. கழுத்து எவ்வளவு சாய்ஞ்சா என்ன ஆகும்னு நான் தினம் தினம் பாக்கறேன். இவ்வளவு தெரிஞ்சவன் எப்படித் துணிவான்? பிடிக்கிற பிடியில தப்பு வந்துட்டா? என் கையைப் பாருங்க, இப்பவே நடுங்குது."

வலக்கையை நீட்டிக் காட்டினார். நடுங்கத்தான் செய்தது. இடக்கை கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. அதில் ஒரு நடுக்கமும் இல்லை.

சமையற்கட்டில் அரிவாள்மனைச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

இலை போட்டார்கள். "சாப்பாடு வந்தாச்சு, கயிற்றை விடலாமா?" என்று சிவநேசன் கேட்டார். அவரே, "இருக்கட்டும், பழகிடுச்சு" என்றார். இடக்கையில் கயிறு, வலக்கையில் சோறு. மாதங்கி அக்கா குனிந்து சாம்பார் ஊற்றினார். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"ஆகா, பூசணிக்காய் சாம்பார்! நீயா வெட்டினே? துண்டெல்லாம் பெரிசு பெரிசா இருக்கே."

"காய் பெரிசு."

"பரவாயில்லையே, மடத்துல ரெண்டு பூசணிக்காய் இருந்திருக்கு."

நான் என் இலையைப் பார்த்தேன். நிலைப்படியில் நின்ற செண்பகம் அத்தை மெல்லச் சொன்னாள்.

"ஒண்ணுதாங்க இருந்துச்சு."

சிவநேசனின் வலக்கை வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது. இலையில் கிடந்த பூசணித் துண்டைப் பார்த்தார். இடக்கையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கண் கயிற்றின் மேலேயே நகர்ந்து நகர்ந்து தூளியில் போய் முட்டியது. சேலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மடிப்பிலிருந்து ஒரு குதிகால் வெளியே வந்தது. எலுமிச்சம்பழம் அளவு. காற்றை ஒரு உதை உதைத்தது.

அவர் எழுந்தார். கயிற்றை விடவில்லை. இவ்வளவு நேரம் அலட்சியமாக ஆட்டியவர், அந்த நாலடி தூரத்தைக் கோயில் கருவறைக்குப் போகிறவர்போல நடந்தார். சோற்றுக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையால் சேலையை விலக்கினார்.

குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தது. யார் இவன் என்று யோசித்தது. பிறகு சிரித்தது. பல் இல்லாத வாய், வயிறு, கால் விரல், எல்லாம் சேர்ந்து சிரித்தது.

நான் சொன்ன சிரிப்பு அதுதான்.

சிவநேசனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சில்லை, அழுகையும் இல்லை. எல்லாக் குரலும் வருகிற எனக்கு அது மட்டும் இன்றுவரை வரவில்லை.

"எப்போலேருந்து சாமி?"

"நீ கைகால் கழுவிட்டு வந்ததிலேருந்து."

குழந்தை அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் மூச்சுகூட விடவில்லை. மாதங்கி அக்கா கரண்டியோடு பின்னால் வந்து நின்றார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார் சிவநேசன். "குழந்தைன்னு தெரிஞ்சிருந்தா நான் தயாராகியிருப்பேனே!"

"அதான் சொல்லலை" என்றார் குரு.

சிவநேசன் குருவைப் பார்த்தார். பிறகு, விரலை விடுவிக்காமலே மெல்ல நகர்ந்து, தூளியின் பக்கத்தில் மாதங்கி அக்காவுக்கு இடம் விட்டார்.