குகைக்கு வெளியே ஒருவர்

மருதையன் வணிகச் சாத்து நடத்தியவர். உப்பு மூட்டை ஏற்றிய பொதிமாடுகளை மலை தாண்டி ஓட்டிப் போய், மிளகு ஏற்றிக்கொண்டு திரும்புவார். தலை நரைத்த பிறகு அதையெல்லாம் மகன்களிடம் விட்டுவிட்டு, உமையாள் அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். மருதையனுக்கு அதில் வெட்கம் இல்லை. ஆனால் மற்றச் சீடர்கள் 'தலைவரே' என்று கூப்பிடும்போது, வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"என் சாத்தில் ஒரு மாடு தவறியதில்லை" என்பார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. என்ன செய்வது, அது உண்மையும்கூட.

ஆசிரமத்துக்கு மேற்கே சுண்ணாம்புப் பாறை மலை. அதன் வயிற்றுக்குள் ஒரு குகை. பங்குனியில், உள்ளே ஓடும் ஓடை மெலிந்திருக்கும்போது, அந்த ஆண்டு புதிதாக வந்த சீடர்களை அம்மை அங்கே அழைத்துப் போவார். குகையின் கடைசியில் பால் மண்டபம் என்று ஓர் இடம். கூரையிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி, வெள்ளைத் தூண்களாக உறைந்து வளர்ந்திருக்கிறதாம். பார்த்து வந்தவர்கள் அதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

மருதையன் அந்த அடிவாரத்திலேயே ஆயுள் முழுக்க நடந்தவர். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. மாடுகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இப்போது மாடு இல்லை. இந்தப் பங்குனியில் பார்த்தே தீர்வது என்றிருந்தார். அடுத்த பங்குனிக்கு முழங்கால் உத்தரவாதம் தரவில்லை.

"இம்முறை பயணத்தை நீங்களே திட்டமிடுங்கள்" என்றார் அம்மை.

மருதையன் மணலைப் பரப்பினார். விரலால் வழி கீறினார். ஆளுக்கொரு கூழாங்கல் வைத்து, தன்னுடையதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்.

"விடிவெள்ளி முளைத்ததும் கிளம்புகிறோம். வெயில் ஏறுமுன் முள்காட்டைத் தாண்டிவிட வேண்டும். அத்திமரத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது, தேனடை தொங்குகிறது. ஆளுக்கொரு சுரைக்குடுக்கைத் தண்ணீர், புளிச்சோறு. பொழுது சாய்ந்தால் யானை தண்ணீருக்கு இறங்கும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். குகைக்குள் முன்னால் நான், கடைசியில் சடையன். அவன் பலசாலி."

"வெளியே யார்?" என்றார் அம்மை.

"வெளியே எதற்கு அம்மா? திருட்டுப் போக மாடா கட்டியிருக்கிறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மையும் சிரித்தார்.

"குகைக்குள் ஓடும் ஓடை எங்கே பிறக்கிறது தலைவரே?"

"இதற்கும் அப்பால், மேலைமலையில்."

"அங்கே கோடை மழை கொட்டினால், உள்ளே இருக்கிறவர்களுக்கு யார் சொல்வது?"

மருதையனின் விரல் மணலில் நின்றது. முள்ளையும் தேனீயையும் யானையையும் நினைத்தவர், மழையை நினைக்கவில்லை.

"யார் வெளியே நிற்கிறீர்கள்?" என்று மற்றவர்களைக் கேட்டார்.

ஒருவருக்கு வெயில் ஆகாது. இன்னொருவர், பால் மண்டபத்தைப் பார்த்து வந்து சொல்வதாகப் பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பலசாலி சடையன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருஷமும் யார் நின்றது அம்மா?" என்றார் மருதையன்.

"நான்தான்."

"அப்படியானால் பால் மண்டபம்?"

"பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்."

மருதையன் தன் கூழாங்கல்லை எடுத்துக் குகை வாசலில் வைத்தார்.

"நான் நிற்கிறேன். நீங்கள் முன்னால் போங்கள்."

கல்லிலிருந்து விரலை எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அன்றைய நடையைப் பார்த்திருக்க வேண்டும். முள்கூட மருதையனிடம் அனுமதி கேட்டுத்தான் குத்தியது. சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் நின்றார்கள். பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு, அம்மை முன்னே நடக்க, எல்லோரும் உள்ளே போனார்கள். மருதையன், சாத்து நடத்திய நாளில் ஊதிய கொம்பை மடியில் வைத்துக்கொண்டு ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தார். குருவின் உயிர் தன் கண்ணில் இருக்கிறது என்ற நினைப்பு. முதுகு தானாக நிமிர்ந்தது.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

உச்சி சாய்ந்த வேளையில் ஓடையில் சருகுகள் வந்தன. கூடவே கொஞ்சம் நுரை. தண்ணீர் லேசாகச் சிவந்தது.

மேலைமலையில் மழையாக இருக்கலாம். இல்லை, எருமை இறங்கிக் கலக்கியிருக்கலாம். யானை கடந்திருக்கலாம். இப்போது ஊதினால் அம்மை பாதியில் திரும்ப வேண்டும். ஒன்றுமில்லாமல் போனால் ஊரே சிரிக்கும். மனம் இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போதே கை கொம்பை எடுத்து வாயில் வைத்துவிட்டது.

மலை அதிரும்படி ஊதினார்.

தட்டுத்தடுமாறி ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோரையும் முன்னே அனுப்பிவிட்டு அம்மை கடைசியாக வந்தார். தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு வடிந்து, தெளிந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

மறுபடி உள்ளே போய்வர நேரமில்லை. பொழுது சாயுமுன் காட்டைத் தாண்ட வேண்டும் என்பது மருதையனே போட்ட திட்டம்.

"எருமை கலக்கிய தண்ணீருக்கா இந்த ஓட்டம்?" என்றார் பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவர்.

"மாட்டைத் தவறவிடாத தலைவர், மண்டபத்தைத் தவறவிட்டார்" என்றான் சடையன்.

ஆயுளில் முதல்முறையாகக் கொம்பு மருதையன் கையில் கனத்தது. அம்மையின் அருகே வந்து நின்றார்.

"அம்மா, அவசரப்பட்டுவிட்டேனா?"

அம்மை காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"கொம்பு கேட்டபோது நான் மண்டபத்தின் வாசலில் இருந்தேன். பந்தத்தைச் சற்று உயர்த்தியிருந்தால் போதும். தூண்கள் தெரிந்திருக்கும்."

"உயர்த்திப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"இத்தனை வருஷம் காத்திருந்து ஒரு நொடி பார்த்திருக்கக் கூடாதா அம்மா? ஏன் பார்க்கவில்லை?"

"வெளியே நின்று ஊதியவர், ஒரு மாட்டைக்கூடத் தவறவிடாத நீங்கள்" என்றார் அம்மை.