உட்கார்ந்த தூண்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் தூண், அப்புறம் சோறு, அதற்கும் அப்புறம்தான் சிரிப்பு.

மடத்தில் அன்னதானக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு பூதலிங்கத்துக்கு. இன்ஜினியர் வேலையை விட்டுச் சீடனாக வந்தவன். காவி கட்டியும் இடுப்பை விட்டு அளவு டேப் போகவில்லை.

நாளைக் காலையில் கூரைக்குக் கான்கிரீட் போட வேண்டும். இன்று பார்த்தால், தென்மேற்கு மூலைத் தூண் மட்டும் இரண்டு விரற்கடை உட்கார்ந்திருந்தது. தூண் மண்ணில் இறங்கினால் கொத்தனார்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பூதலிங்கம் குரு அடிகளாரிடம் ஓடினான்.

"சாமி, எல்லாத் தூணுக்கும் ஒரே அளவு அஸ்திவாரம். ஓரவஞ்சனையே பண்ணலை. ஒண்ணு மட்டும் எப்படி உட்காரும்?"

"அந்த மூலையில குப்பைக்குழி இருந்துச்சே?"

"மண்ணைப் போட்டு மேவிட்டேன். இப்ப இருந்த இடமே தெரியாது. தூண்லதான் கோளாறு. மேலே கலவை வச்சு மட்டம் பண்ணச் சொல்லிட்டேன். காலையில கூரையைப் போட்டுடலாம்."

அந்தக் கூரைக்கு அடியில் ஊரே வந்து சாப்பிடப்போகிறது.

"நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும், உட்கார்ந்திருக்கும்" என்றார் அடிகளார். "நீயும் உட்காரு. சாப்பிடலாம்."

முற்றத்தில் இரண்டு மணைகள், இரண்டு இலைகள். பக்கத்து மணையில் மடப்பள்ளி அனந்தப்பன். இரண்டு அரிசி மூட்டைக் கனம் இருப்பார்.

அடிகளாரே பரிமாறினார். அவசரமே இல்லை. உப்பு வைத்தார். ஊறுகாய் வைத்தார். உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வைத்தார்.

சாம்பார் வந்தபோது இலை கொஞ்சம் மேலே வந்த மாதிரி இருந்தது. ரசம் வந்தபோது அனந்தப்பன் உயரமாகத் தெரிந்தார்.

"என்ன அண்ணாச்சி, வளர்றீங்களா?"

அனந்தப்பன் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டார்.

"சாமி, என் மணை சரியில்லை."

"மாத்திக்கோ."

அனந்தப்பனின் மணையை வாங்கி அதே இடத்தில் போட்டுக்கொண்டான். கோளாறு மணையில் அனந்தப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மோர் வருவதற்குள் பூதலிங்கத்தின் முகவாய் இலைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது.

"இதுவும் கோளாறு மணை!"

"இதுவும் கோளாறு மணை!" என்று அதே குரலில், அதே மூக்குச் சுளிப்போடு சொல்லிக் காட்டினார் அடிகளார். அனந்தப்பனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

பூதலிங்கம் எழுந்து மணையைப் புரட்டினான். தரையில் மேலாக ஒரு விரல் மண். உள்ளே கையை விட்டான். முழங்கை வரைக்கும் உமி.

"சாமி, இது..."

"நான் வெட்டின குழிதான். நல்லா மேவியிருந்தேனா?"

உமி ஒட்டிய கையோடு கூடத்தின் பக்கம் திரும்பினான். அங்கே, கலவைச் சட்டியோடு கொத்தனார் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"கொத்தனாரே, இறங்குங்க! மண்வெட்டியை எடுங்க!"