எதிர்க்கரையில் நின்றவள் சொன்ன ஹலோ

ஆடும் நீர்நாயும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆங்கிலேயர் நாட்டில் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் தெரியாதவரைக் கூப்பிட ஒரு சொல்லே கிடையாது.

அங்கே ஓர் ஆற்றில் ஓஸ்வின் படகு ஓட்டினான். எதிர்க்கரையில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் படகு போகும். முன்பு யாரோ வேற்றாள் கொண்டுவந்த நோயில் பாதி ஊர் அழிந்திருந்தது. அதிலிருந்து, படகுக்காரனின் பெயர் அறியாதவருக்குப் படகு இல்லை, அவர்களிடம் அவன் தன் பெயரைத் தானே சொல்லவும் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு.

ஒரு மழைநாளில் ஆறு ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை மேட்டில் ஒரு செம்மறி நின்றாள், காலடியில் குட்டியோடு. மலைக்கு அப்பாலிருந்து வந்தவள்.

“படகுக்கார அண்ணே! தண்ணி ஏறுது. குட்டிக்கு நீந்தத் தெரியாது!”

“பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா!”

“தெரியாதே! டாமா? வில்லா? ஜாக்கா?”

படகில் படுத்திருந்த நீர்நாய் வயிறு குலுங்கச் சிரித்தது. “ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் சொல்லிட்டா. உன்னைப் பெத்தவங்க கொஞ்சம் சுலபமாப் பேர் வெச்சிருக்கலாம்.”

ஓஸ்வின் சிரிக்கவில்லை. தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டிருந்தது. குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டாள். ஒரே ஒரு சொல் போதும். அவன் வாயைத் திறந்தான்.

“சொல்லிடாதே.” நீர்நாயின் சிரிப்பு நின்றுவிட்டது. “உன் பெண்டாட்டி பிள்ளைகளையும் சேர்த்து ஊரைவிட்டுத் துரத்திடுவாங்க.”

அவன் வாயை மூடிக்கொண்டான்.

தெரிந்த பெயர்களெல்லாம் தீர்ந்துபோய், அவள் வெறும் குரலாகக் கூப்பிட்டாள்: “ஹலோ... ஹலோ...” அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. யாராவது இருக்கிறீர்களா என்ற கேள்வி மட்டும்தான் அதில் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

“ஓஸ்வின்! என் பேர் ஓஸ்வின்!” என்று கத்திக்கொண்டே அவன் துடுப்பு வலித்தான். மேடு இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கூப்பிட்டுத் தேடலாம் என்றால், அவள் பெயரை அவன் கேட்டிருக்கவே இல்லை. அவளுடைய அந்தக் குரல்தான் அவனிடம் மிச்சம். “ஹலோ” என்றான். காத்திருந்தான். மறுபடியும், “ஹலோ?”

சாகும்வரை தினமும் கூப்பிட்டான். ஆறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் மனிதர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே “ஹலோ” என்கிறார்கள். தொலைபேசியில் எதிர்முனை ஓய்ந்துபோன பின்னும், வைக்க மனம் வராமல், இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறார்கள்.