ஒற்றைத் தீயம்பு

கணினியில் ஆடும் கோட்டைப் போரில் தன்னை அடிக்க ஆளே இல்லை என்று மார்தட்டுகிறவன் கல்லூரி சீனியர் சேதுராயன். எதிரே முதலாண்டு முப்பிடாதி. அவளிடம் மிச்சம் நாலு காலாளும் ஒரே ஒரு தீயம்பும்தான்.

"கல்கோட்டை எரியுமாம்மா? தோத்தா இந்தப் பக்கமே வரக்கூடாது!"

"சரிண்ணே. ஜெயிச்சா நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலி எனக்கு."

மதிலுக்கு மேலே தூக்கிக் குறிவைத்து, உள்ளே அவனுடைய போர்யானைகளுக்குப் பின்னாலிருந்த வைக்கோல்போரில் அம்பை இறக்கினாள். தீக்கு மிரண்ட யானைகள் அவன் படையையே மிதித்துக்கொண்டு ஓடிக் கோட்டைக்கதவைப் பிளந்தன. அவளுடைய காலாட்கள் நிதானமாக உள்ளே போய்க் கொடி நட்டார்கள்.

சேதுராயன் கத்தினான். "கோட்டைச் சுவர்மேல ஒரு அம்புகூட விடலையே நீ!"

"கதவை உடைக்க இத்தனை யானையை நீங்களே உள்ள தீனி போட்டு வளர்த்திருக்கீங்க. நான் எதுக்குண்ணே கல்லை எரிக்கணும்? எந்திரிங்க."