கெங்கம்மாவுக்கு அருள் வந்த கதை

எட்டியம்மா வைத்தியக்காரி. அவளிடம் வைத்தியம் கற்றுக்கொண்டவள் கெங்கம்மா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குரு வயதில் சின்னவள், சிஷ்யை பெரியவள். அதனால் குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். சிஷ்யை குருவை 'எட்டி' என்பாள்.

"குருவைப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுறியே" என்று யாராவது கேட்டால் கெங்கம்மாவுக்குப் பதில் தயார்.

"இவ பொறந்தப்போ தூளி கட்டினவ நான். அப்புறம் இன்னா மரியாத?"

செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தவள்தான் கெங்கம்மா. அதை விட்டுவிட்டு எட்டியம்மாவின் பின்னால் காடு மேடெல்லாம் சுற்றினாள். எந்த வேர் விஷக்கடிக்கு, எந்தப் பட்டை வயிற்றுக்கடுப்புக்கு, தன் நிழல் செடிமேல் விழாமல் எப்படி இலை பறிப்பது, எல்லாம் படித்துக்கொண்டாள். கைராசியும் வந்தது.

ஒன்று மட்டும் வரவில்லை. அருள்.

மாசி மாசம் பௌர்ணமி என்றால் இருளர் சனம் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போகும். புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு மணலிலேயே தங்கும். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கன்னியம்மாவை வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடுகிற திருவிழா அது. கெங்கம்மா இருந்த ஏரிக்கரைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்களைக் கூடாரத்துக்குக் காவல் வைத்துவிட்டு, பெண்கள் மட்டும் தனியாகக் கூடுவார்கள். யார் யாருக்கு உடம்பு தேறியது, எந்த ஊருக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது, யார் பெண் பள்ளிக்கூடம் முடித்தாள், எல்லாம் பேசுவார்கள். பேச்சைவிடச் சிரிப்புதான் அதிகம் இருக்கும்.

அந்தப் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி மாறுகிற வருஷமானால் புதுத் தலைவியையும் அங்கேதான் நிறுத்துவார்கள். மாறித்தான் ஆகவேண்டும். ஒரே இடத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டே இருந்தால் அந்த மண் என்னாகும்? அந்தக் கணக்குதான்.

அந்த வருஷம், தலைவியாக இருந்த எட்டியம்மா இறங்குகிற முறை.

எல்லா ஊர்ப் பெண்களும் கெங்கம்மா பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மாவுக்கோ சோறு இறங்கவில்லை. இதுவரை தலைவியாக நின்றவர்கள் எல்லோருக்கும் விடியற்காலைப் பூசையில் அருள் வந்திருக்கிறது. வந்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வராமல் யாரும் நின்றதும் இல்லை.

சாயங்காலம் எட்டியம்மா அலை ஓரம் உட்கார்ந்து நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கெங்கம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டி."

"சொல்லுக்கா."

"அம்மா என் மேல ஏன் வர மாட்டேங்குறா?"

எட்டியம்மா ஒரு நண்டின் ஓட்டைப் பிரித்தாள்.

"மசாலா அரைச்சாச்சா?"

"நான் இன்னா கேக்குறேன், நீ இன்னா கேக்குறே?"

"நண்டு காத்திருக்காதுக்கா. நீ கேட்டது காத்திருக்கும்."

"எட்டி, வெளையாடாத. மந்திரம் எதுனா இருந்தா சொல்லு. விரதம் இருக்கணும்னா இருக்குறேன். நாளைக்கும் வரலேன்னா நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவ. திரும்பச் சூளைக்கே போயிடுறேன்."

எட்டியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கெங்கம்மா சொன்னால் செய்கிறவள். அது அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குப் பூசை முடியட்டும்" என்றாள். "இப்போ காரம் தூக்கலா அரை."

அவ்வளவுதான் குரு சொன்னது. கெங்கம்மா எழுந்துபோய் மசாலா அரைத்தாள். கோபத்தில் அரைத்ததால் காரம் தூக்கலாகவே இருந்தது.

சாப்பாட்டு நேரம் ஒரே கலகலப்பு. போன மழைக்குக் கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்தவள் ஒருத்தி எழுந்து, கடித்த காலாலேயே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினாள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த கரை ஊர்க்காரி பூங்காவனம் நடுவில் உட்கார்ந்து நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவளுக்கு அருள் வருவது ரொம்பச் சுலபம். பஸ் ஹாரன் அடித்தாலே பூங்காவனத்துக்கு வந்துவிடும் என்று கேலி பேசுவார்கள்.

"இன்னாடி கெங்கா, நாளைக்கு நீதான் முன்னால நிக்கப் போறியாமே" என்றாள் பூங்காவனம்.

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. சரி, நின்னுக்கோ. ஆனா அம்மா வந்து வாக்கு சொல்ற நேரத்துல இன்னா பண்ணுவே? கசாயம் காய்ச்சுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெங்கம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, பாதி நண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். காரம் என்று நினைத்தார்கள்.

கிழக்கு வெளுக்கும் முன்னே கெங்கம்மா சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தாள். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்தாள். கண்ணை மூடினாள். தோளை ஆட்டிப் பார்த்தாள். தலையைச் சுற்றிப் பார்த்தாள். "ஹூம்" என்று ஒரு சத்தம் போட்டாள். அது அவளுக்கே திருப்தியாக இல்லை. இன்னொரு தரம் போட்டாள்.

மீன் கூடையோடு அந்தப் பக்கம் வந்த மீனவப் பெண் ஒருத்தி நின்றுவிட்டாள்.

"இன்னா யக்கா, எறும்புப் புத்துல நின்னுட்டியா?"

"ஆமாமா, செவ்வெறும்பு."

"நல்லா உதறிட்டுப் போ. கடிச்சா தடிச்சுடும்."

கெங்கம்மா நல்லா உதறினாள்.

பூசைக்கு மணலில் ஏழு படி கட்டியிருந்தார்கள். படிக்குப் படி மஞ்சள், பூ, தேங்காய். பெண்கள் கடலில் முழுகி, ஈரப் புடவையோடு வந்து சுற்றி நின்றார்கள். ஆண்கள் தள்ளி நின்று உடுக்கை அடித்தார்கள். வானம் சிவந்துகொண்டே வந்தது.

"கன்னிம்மா, வா தாயே. போதும் கோவம், வீட்டுக்கு வா தாயே."

ஒருத்தி எடுத்துக்கொடுக்க, எல்லோரும் பாடினார்கள். உடுக்கை வேகம் பிடித்தது. வழக்கப்படி எட்டியம்மா படிக்கு முன்னால் நின்றாள். எப்போதும் அவள் பின்னால் நிற்கிற கெங்கம்மா அன்றைக்குத் தள்ளி நின்றாள். அவள் தோள் லேசாக அசைந்தது. விரல் நுனி நடுங்கியது. வருகிறாள், வருகிறாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள்.

கெங்கம்மா பார்த்தாள். இதுதான் நேரம். கண்ணை மூடினாள், தலையைச் சுற்றினாள், "ஹூம்" என்றாள்.

"கெங்கம்மாவுக்கு வந்துடுச்சு" என்று கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. கைப்பிள்ளையோடு ஒருத்தி ஓடிவந்து அவள் காலில் விழுந்தாள்.

"தாயே, பிள்ள பால் குடிக்க மாட்டேங்குது. ஒரு வாக்கு சொல்லு தாயே."

கெங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடத்தான் பழகியிருந்தாள், பேசப் பழகவில்லை. இமை இடுக்கில் பார்த்தாள். பிள்ளையின் நாக்கில் வெள்ளை படிந்திருந்தது. மருந்து அவளுக்குத் தெரியும். ஆனால் சாமி மருந்தை எந்தக் குரலில் சொல்லும்? யோசித்துக்கொண்டே ஆடினாள்.

அந்த இமை இடுக்கிலேயே இன்னொன்றும் தெரிந்தது. பூங்காவனம்.

பூங்காவனத்துக்கு நிஜமாகவே வந்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு பம்பரம் மாதிரி சுழன்று, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் முழுக்கக் கெங்கம்மாவைச் சுற்றி நின்றதால் அந்தப் பக்கம் ஆளே இல்லை. பெரிய அலை ஒன்று எழும்பி வந்தது. பூங்காவனம் பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

கெங்கம்மாவுக்கு ஆட்டமெல்லாம் மறந்துபோனது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். தலை தரையில் மோதுவதற்கு முன் பூங்காவனத்தின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினாள். தாங்கினாள் என்றால் நின்றுகொண்டு அல்ல. அவ்வளவு கனத்தை யார் நின்று தாங்குவது? கெங்கம்மா கீழே, பூங்காவனம் மடியில். அலை வந்து இருவரையும் ஒரு சுருட்டுச் சுருட்டிக் கரையில் போட்டுவிட்டுப் போனது.

உடுக்கை நின்றது.

பூங்காவனம் வாயிலிருந்த உப்புத் தண்ணியைத் துப்பிவிட்டுக் கண் திறந்தாள்.

"யாருடி என்ன பிடிச்சது?"

"நான்தான்."

"நீயா? உனக்குத்தான் அம்மா வந்திருக்குன்னு கத்தினாங்களே?"

கெங்கம்மா தலையிலிருந்த மணலைத் தட்டினாள். சுற்றிலும் எல்லா ஊர்ப் பெண்களும் நின்றார்கள். எட்டியம்மாவும் நின்றாள்.

"வரல" என்றாள் கெங்கம்மா. "சும்மா ஆடினேன்."

 பூங்காவனத்தின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. இது அருளில்லை, சிரிப்பு. ஒருத்தி சிரித்தால் போதாதா? கரை முழுக்கச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஆண்கள் பக்கம் உடுக்கைக்காரன் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தான்.

"அதான் பாத்தேன்" என்றாள் ஒருத்தி. "அம்மா வந்தவ எவளாச்சும் புடவையைச் செருகிக்கினு ஓடுவாளா?"

"சாமி விஷயத்துல பொய் ஆட்டம் ஆடலாமா?" என்றாள் இன்னொருத்தி. அவள் சிரிக்கவில்லை. "தப்பில்லையா?"

"தப்புதான்" என்றாள் கெங்கம்மா. "நான் சூளைக்கே போயிடுறேன்." எழுந்து நின்று ஈரப் புடவையைப் பிழிந்தாள்.

பூங்காவனம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. இங்க பாரு." முடியை விலக்கித் தன் பின்மண்டையைக் காட்டினாள். பெரிய தழும்பு இருந்தது. "போன தடவ எனக்கு வந்த அம்மா என்னத் தூக்கிக் கல்லு மேல போட்டா. தையல் போட்டாங்க. அதுக்கு முன் தடவ முழங்கை. எத்தினி வருஷமா எனக்கு வருது. எல்லாரும் என் முன்னால வந்து கையக் கட்டிக்கினு வாக்கு கேப்பீங்க. எவளாவது ஒருத்தி பின்னால வந்து நின்னிருக்கீங்களா? இன்னிக்குத்தான் எனக்கு ஆளு இருந்தது."



"என் முதல் பிரசவத்துல எட்டியம்மாதான் பிள்ளைய எடுத்தா" என்றாள் கைப்பிள்ளைக்காரி மெதுவாக. "ராவெல்லாம் நான் சாய்ஞ்சு கெடந்தது இந்த அக்கா நெஞ்சு மேலதான்."

"தாலுக்கா ஆபீசு வாசல்ல வெயில்ல மயங்கி விழுந்தேனே, அப்போ யாரு?" என்றாள் பாம்புக்கடிக்காரி.

"எங்க ஊரு சொல்லியாச்சு" என்றாள் பூங்காவனம். "கெங்காதான். உங்க ஊரு இன்னா சொல்லுது?"

தப்பில்லையா என்று கேட்டவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் படியிலிருந்து மஞ்சளை எடுத்துவந்து கெங்கம்மாவின் கன்னத்தில் பூசினாள். கொஞ்சம் அழுத்தியே பூசினாள்.

"இனிமே ஆடாதே" என்றாள்.

குலவைச் சத்தத்தில் கரையில் நின்ற காக்கையெல்லாம் பறந்துபோனது. கெங்கம்மா கன்னத்து மஞ்சளோடு முதல் வேலையாகப் பிள்ளையை வாங்கி, நாக்கைப் பார்த்து, என்ன தடவவேண்டும் என்று சாதாரணக் குரலில் சொன்னாள்.

வெயில் ஏறியதும் கூடாரம் பிரிக்கும் வேலை நடந்தது. எட்டியம்மா தலையைக் காயவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். தலைவி பாரம் இறங்கியதில் முகம் தெளிவாக இருந்தது. கெங்கம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டி. உனக்கு இன்னிக்கு ஏன் வரல? விரலெல்லாம் நடுங்குச்சே, நான் பாத்தேன்."

"பாத்தியா?"

"என்னாலதான? நான் ஆடின பொய் ஆட்டத்தப் பாத்து, கோவிச்சுக்கினு திரும்பிப் போயிட்டாளா?"

"கோவமெல்லாம் இல்லக்கா" என்றாள் எட்டியம்மா. "பாதி தூரம் வந்துட்டா. நான் எப்பவும் போல பின்னால கைய விட்டுத் தடவிப் பாத்தேன். நீ இல்ல. 'கொஞ்சம் இரு தாயே, என்னப் பிடிக்கிற ஆளு இன்னிக்கு வேற வேலையா போயிருக்குது'ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."