சேருமிடம்

பயம் என்றால் அன்றைக்குப் பொற்கொடிக்கு வந்ததுதான் பயம். குடிநீர் நிலையத்தின் சிலிண்டர் அறையில் குளோரின் கசிந்துகொண்டிருந்தது. ஒப்பந்த ஊழியரான அவளுடைய திரையில் எச்சரிக்கைச் செய்திகள் மழையாகக் கொட்டின. மேலாளர் மகுடபதி கதவைத் தாழிட்டுவிட்டு அவள் பின்னால் வந்து நின்றார்.

"அரை மணியில பாதுகாப்பு அதிகாரி வர்றாங்க. இந்தத் திரையில ஒரு செய்திகூடத் தெரியக்கூடாது. தெரிஞ்சா, வால்வைத் திறந்துவிட்டது நீதான்னு எழுதிக் கொடுத்துடுவேன்."

போன மாதம் ஒருவனை அப்படித்தான் போலீசில் மாட்டிவிட்டார்.

செய்திகளைப் பதிவுசெய்யும் மென்பொருளில் இயந்திரத்துக்கு ஒன்றாக இருநூற்று நாற்பது விதிகள். ஒவ்வொன்றாக மாற்ற ஒரு நாள் போதாது. ஆனால் வேலையில் சேர்ந்த வாரமே அவள் எல்லா விதிகளிலும் இருந்த, செய்தி போய்ச்சேர வேண்டிய முகவரியை எடுத்துவிட்டு, 'சேருமிடம்' என்ற ஒரே பெயரைப் போட்டிருந்தாள். அது எந்த முகவரி என்பது கோப்பின் தலையில் ஒரே ஒரு வரி. வெட்டி வேலை என்று அதற்கு மெமோ கொடுத்தவரும் மகுடபதிதான்.

சுவரில் ஒட்டியிருந்த அவசர அறிவிப்பை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்த வரியை மாற்றினாள். திரை வெறுமையானது.

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார் அவர்.

கதவு தட்டப்பட்டது. திறந்தால், முகமூடியோடு அதிகாரி.

"சுத்துவட்டாரத்தைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. உங்க அத்தனை இயந்திரமும் எங்க ஆபீசுக்குச் செய்தி அனுப்புது. யார் அனுப்பச் சொன்னது?"

மகுடபதியின் முகம் வெளுத்தது.

"இங்கே தெரியக்கூடாதுன்னு சார்தான் சொன்னார் மேடம்," என்றாள் பொற்கொடி. "எங்கே தெரியணும்னு சொல்லல."